கோட்டுகால் வீட்டு ஹீட்டர்

ரெத்தினதாஸ் ஒரு வீட்டில் ஹீட்டர் மாட்டிவிட்டு வந்தால், அதற்காக அந்த வீட்டிலிருந்து இரண்டாம் முறை போன் வராது. உதியன்குளங்கரையில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்து, இருபத்தாறு வருடமாக அவனை வேலைக்கு அனுப்புகிறவன் நான். எனக்குத் தெரியாதா? வருடத்துக்கு ஒருமுறை சர்வீசுக்குக் கூப்பிடுவார்கள், அது வேறு. 'நேற்று மாட்டினது இன்றைக்கு ஒழுகுது' என்று ஒரு போன் வந்தது கிடையாது. அதில் அவனுக்கு உள்ளுக்குள் பெரிய கர்வம். வெளியே காட்டமாட்டான். வேறு மெக்கானிக்குகளைப் பற்றி யாராவது குறை சொன்னால் மட்டும் மூக்கைத் தடவிக்கொண்டு பேசாமல் நிற்பான். அந்த மூக்குத் தடவலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். இங்கே கிணற்று வெள்ளம் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், உள்ளே அத்தனையும் இரும்பு. ஹீட்டர் டாங்கை அரித்துத் தின்றுவிடும். அதற்காக டாங்குக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருக்கிறார்கள். டாங்குக்குப் பதிலாக அது கரையும், கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். இதை தாஸ் ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரரை உட்கார வைத்துச் சொல்லுவான். அழுத்தம் கூடினால் வெள்ளத்தை வெளியே விடுவதற்கென்று ஒரு சேஃப்டி வால்வு உண்டு. அது சொட்டுகிறதே என்று யாராவது அடைத்து வைத்திருந்தால் தொலைந்தார்கள். "குளிமுறிக்குள்ள குண்டு வச்சிட்டா குளிக்கிய?" என்று காய்ச்சிவிடுவான். அதியன்னூரில் ஒரு ஹெட்மாஸ்டரையே அப்படிக் காய்ச்சினான். அவர் என்னிடம் வந்து புகார் சொன்னார். அவன் சொன்னது சரிதானே சார் என்றேன். இன்றுவரை அவர் என் கடையில் ஒரு பல்பு வாங்கவில்லை.

வேலை முடிந்ததும் உடனே கிளம்பமாட்டான். குழாய் இணைப்புகளுக்குக் கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்து, ஹீட்டரைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை என்று கண்ட பிறகுதான் பையைக் கட்டுவான். அதற்குள் நான் இங்கே நாலு தடவை போன் அடித்திருப்பேன். எடுக்கமாட்டான்.

அவன் மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது. ஒரே மகள் ஜிஜா. அவளைக் கோட்டுகாலில் கட்டிக் கொடுத்திருக்கிறான். மருமகன் சஜனுக்குத் துறைமுகத்தில் வேலை, நல்ல பையன். சஜனின் அம்மா புஷ்பபாய். அவரையும் குறை சொல்லிவிட முடியாது, ஆனால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

முதல் பிரசவம் பெண்வீட்டார் பாடு என்பது எங்கள் ஊர் வழக்கம். ஏழாம் மாதம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். பேறு கழிந்து நாற்பத்தொரு நாள் மருந்தும் வேதுவெள்ளக் குளியுமாக வைத்துப் பார்க்க வேண்டும். இலையும் பட்டையும் போட்டுக் கொதிக்க வைத்த வெள்ளம்தான் வேதுவெள்ளம். ஜிஜாவுக்கு ஆறாம் மாதம் ஆனதும் தாஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் முழுக்கச் சுடுவெள்ளம் கொடுத்தவன் வீட்டில் அதுவரை ஹீட்டர் கிடையாது. என் கடையில் இருபத்தைந்து லிட்டர் ஒன்றை எடுத்து மாட்டினான். பேறு பார்த்துக் குளிப்பாட்டுகிற குமாரியை முன்கூட்டியே பேசி வைத்தான். கட்டிலுக்குப் புது மெத்தை போட்டான். பிறகு பலகாரமெல்லாம் வாங்கிக்கொண்டு மகளைக் கூப்பிடக் கோட்டுகாலுக்குப் போனான்.

போனவன் தனியாகத் திரும்பி வந்தான்.

"ஒரு பெம்பிள்ள இல்லாத வீட்டுல பெத்த பிள்ளைய எப்பிடி அண்ணே விட்டு வைக்கியது? ராத்திரி பிள்ளை அழுதா நீங்க என்ன செய்விய?" என்று புஷ்பபாய் கேட்டிருக்கிறார். ஜிஜா கதவோரமாக நின்று அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இவனிடம் குமாரி இருக்கிறாள், ஹீட்டர் இருக்கிறது, சொல்ல ஆயிரம் பதில் இருக்கிறது. இவன் சொன்னது, "சரியாக்கும் மைனி."

"எலே, உனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன்.

"அவங்க சொன்னது நியாயமாக்கும் அண்ணா," என்றான்.

அதிலிருந்து சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகமாட்டான். நான் கடை அடைக்கும் வரை ஹீட்டர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பான். மகள் வரவில்லையே என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் யார் வீட்டுப் பெண் பேறுக்கு வந்திருக்கிறாள் என்ற கணக்கு மட்டும் பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை அவனுக்கு அத்துப்படியாக இருந்தது.

ஜிஜாவுக்குப் பெண் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடி வழியாகப் பார்த்தான். பத்தாம் நாள் பழமும் துணியுமாக வீட்டுக்குப் போனான். சம்பந்தி வந்தால் எப்படியோ அப்படியே நடந்தது. முன்வாசல் வழியாகப் போய், சோபாவில் உட்கார்ந்து, சாயா குடித்தான். புஷ்பபாய் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோனார். "கை நீட்டலாமான்னு யோசிக்கியதுக்குள்ள கொண்டு போயிட்டாங்க அண்ணா," என்றான் என்னிடம்.

அடிக்கடி போனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். போக முடியாது. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு அப்பன்காரன் மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் போய் நின்றால், 'அங்க சோறு போடல்லியா, வேவு பாக்க வாறானா' என்று பேச்சு வரும். பேச்சைக் கேட்கப்போவது அவனல்ல, அவள்.

பதினாலாம் நாள் சஜன் என் கடைக்குப் போன் செய்தான். ஹீட்டர் நின்றுவிட்டது, போட்டால் பிரேக்கர் விழுகிறது. "ஜிஜாக்க அப்பாவ விடண்டாம் மாமா. அவரைக் கொண்டு நம்ம குளிமுறியில வேலை செய்ய வைக்கியது மரியாதை இல்ல. வேற ஆள விடுங்க," என்றான்.

ஆகட்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டு தாஸைக் கூப்பிட்டேன். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, நான் தட்டிவிடவா?

அன்று சாயங்காலம் அவன் சிரித்துக்கொண்டே வந்தான். பல மாதத்துக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. நடந்தது இதுதான். புஷ்பபாய்க்கு முட்டுவலி. தினமும் அண்டா நிறைய வேதுவெள்ளம் கொதிக்க வைத்துச் சுமக்க முடியவில்லை. அதனால் பிலா இலை, புளியிலை, நால்பாமரப் பட்டை எல்லாவற்றையும் ஒரு பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி மொட்டைமாடி டாங்கில் போட்டுவிட்டார். வெயிலில் சாறு இறங்கும், ஹீட்டர் சூடாக்கும், குழாயைத் திறந்தால் வேது தானாகக் கொட்டும் என்று கணக்கு. இரண்டு நாள் கட்டன்சாயா நிறத்தில் கொட்டவும் செய்ததாம். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுத் திறந்து காட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் மூட்டை அவிழ்ந்தது. ஐந்தாம் நாள் ஹீட்டர் செத்தது.

"வால்வுக்குள்ள பிலாயிலை, டாங்குக்குள்ள முழுக்கப் புளியிலை. காயில் கம்பி மேல கருகிப் பிடிச்சு, ஒரே கஷாயமாக்கும் அண்ணா!"

"நீ என்ன சொன்னே?"

"நல்ல யோசனைதான் மைனி, டாங்குதான் தாங்கல்லன்னேன்."

ஹெட்மாஸ்டரைக் காய்ச்சியவன் சம்பந்தியிடம் இப்படிப் பேசியிருக்கிறான். இருக்கட்டும். டாங்கைக் கழற்றிக் கழுவி, காயில் மாற்றி மாட்ட நாலு மணி நேரம் ஆகியிருக்கிறது. சஜன் வேலைக்குப் போயிருந்ததால் தடுக்க ஆளில்லை. வேலைக்காரன் என்பதால் பின்வாசல் வழி. பின்வாசல் வழி வந்தவனை சோபாவில் யாரும் உட்கார வைக்கமாட்டார்கள். சமையலறைப் படியில் ஜிஜா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று பேசியிருக்கிறாள்.

"நாலு மணிக்கூர் அண்ணா! பிள்ளை முழிச்சு நல்லோணம் பாத்துது."

"உன்னை இல்லலே, ஸ்பானரைப் பாத்திருக்கும்."

"ஸ்பானர் என் கையிலதானே இருந்துது," என்றான்.

அதன் பிறகு தினமும் காலையில் வந்ததும், கோட்டுகால் பக்கம் வேலை ஏதும் உண்டா என்று கேட்பான். விழிஞ்ஞம், பாலராமபுரம் என்று எந்த ஊரைச் சொன்னாலும், அங்கிருந்து கோட்டுகால் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்குப் போடுவான். பெற்ற மகளைப் பார்க்க ஒரு மனுஷனுக்குக் கெட்டுப்போன ஹீட்டர் தேவைப்படுகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வரும். யார் மேல் ஆத்திரப்பட என்றுதான் தெரியாது.

அவன் போய் வந்த ஆறாம் நாள் புஷ்பபாயே போன் செய்தார். சுடுவெள்ளக் குழாயின் நட்டு ஒழுகுகிறதாம்.

விஷயத்தைச் சொன்னேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. அவன் முகம் கறுத்தது, கறுத்த கையோடு வெளுத்தது. அவமானமும் சந்தோஷமும் ஒரே மூஞ்சியில் இடம் தேடி முட்டிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். "வாஷர் கம்பெனிக்காரன் சரியில்ல," என்று முணுமுணுத்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லி அனுப்பினேன். போய், வாஷரை மாற்றி, செய்தித்தாள் விரித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

ஐந்து நாள் கழித்து மறுபடி அதே நட்டு.

இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் தட்டியது. நேராகவே கேட்டேன். "எலே தாசே, உள்ளதைச் சொல்லு. நீ வேணுமுன்னே லூஸாக்கி வச்சிட்டு வாறியா?"

அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. கையில் இருந்த டெஸ்டரை மேசையில் அடித்தான். "ஹீட்டர் காரியத்துல நான் கள்ளம் செய்வேனா அண்ணா? சுடுவெள்ளமாக்கும்! பச்சைப்பிள்ளை உள்ள வீடாக்கும்!" பிறகு தாழ்ந்த குரலில், "நெனப்பு வந்துது. பொய் சொல்ல மாட்டேன். போன தடவை நட்டை முறுக்கிட்டு இருக்கும்போ, கொஞ்சம் விட்டு வச்சா என்னன்னு ஒரு நெனப்பு வந்துது. அதுக்காகவே பின்னயும் அரைத் திருப்பு கூட முறுக்கினேன்," என்றான்.

அவன் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டான். "கை போயிட்டுதா அண்ணா? இல்ல கண்ணா?" என்று கேட்டான். நான் கேலி செய்யவில்லை. வேலையையே விட்டுவிடலாமா என்ற அளவுக்கு அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று அவன் கோட்டுகாலில் நட்டை முறுக்கியபின் ஒரு காரியம் செய்தான். நட்டின் மேலும் அதை ஒட்டிய குழாயின் மேலும் சேர்த்து, சிவப்புப் பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போட்டான். நட்டு துளி அசைந்தாலும் கோடு முறிந்துவிடும்.

பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் நாலாவது போன் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவனை என் காரில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன்.

புஷ்பபாய் மாடியில் துணி விரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பின்வாசல் வழியாகக் குளிமுறிக்குள் போனோம். கோடு முறிந்திருந்தது. நட்டின் மேலிருந்த பாதி, குழாயில் இருந்த பாதியை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. சூட்டில் நட்டு இளகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தானாக அவ்வளவு தூரம் திரும்பாது. ஒரு கை திருப்பியிருக்கிறது.

தாஸ் என்னைப் பார்த்தான். நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் ஜிஜா பிள்ளையோடு நின்றாள். கேட்க வேண்டிய தேவையே இல்லாத முகம்.

"நீயா மக்கா?"

தலையை ஆட்டினாள்.

"சுடுவெள்ளமாக்கும் ஜிஜா. நட்டு தெறிச்சிருந்தா? பிள்ளை உன் இடுப்பில இருந்திருந்தா?"

"சுவிச்ச அணைச்சு, ஆறவிட்டுத்தான் திருப்பினேன் அப்பா. பிள்ளை அப்போ மாமிகிட்ட." உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது. "பின்ன நான் என்ன செய்யணும்? என்னைக் கூப்பிட வந்தப்போ நீங்க சரின்னு சொல்லிட்டுப் போயிட்டிய. எனக்கு வீட்டுக்கு வரணும்னு இருந்துது. அது முடியல்ல. ஹீட்டர் ஒழுகினாலாவது நீங்க வாறியளே."

நான் சோப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தோரு வயதில், சம்பந்தமில்லாத ஒரு வீட்டுக் குளிமுறியில் நின்று அழுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜிஜா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புஷ்பபாய் இரைக்க இரைக்க வந்து நின்றார். "என்ன அண்ணே, நாலாம் தடவையாச்சே! ஹீட்டருக்கு என்னதான் கேடு? மாத்தணுமா?"

வாஷர் என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் சொல்லுகிற பதில் அதுதான். தாஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"ஹீட்டருக்கு ஒரு கேடும் இல்ல மைனி. நானாக்கும் நட்டை முறுக்காம விட்டுட்டுப் போனது. எல்லாத் தடவையும். வேணுமுன்னே."

நான் வாயைத் திறந்தேன். அவன் என் காலை மிதித்தான்.

"என்னத்துக்கு?" என்றார் புஷ்பபாய்.

"பிள்ளைகளைப் பாக்கியதுக்கு."

அவருக்கு அது மண்டையில் ஏறச் சற்று நேரமானது. பிறகு வெடித்தார். "பச்சைப்பிள்ளை கிடக்கிய வீட்டுல செய்யிய வேலையா இது? கேட்டா நாங்க காட்ட மாட்டோமா? நீங்களா இப்பிடி! இனி இந்த வீட்டு ஹீட்டரை நீங்க தொடண்டாம்."

"சரியாக்கும் மைனி," என்றான்.

அந்த நிலையிலும் அவன் நட்டை முறுக்கி, கீழே செய்தித்தாளை விரித்து, ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்து நின்றான். யாரும் சாயா தரவில்லை. ஜிஜா உள்ளே போனவள் வெளியே வரவில்லை. பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது, பிறகு யாரோ தட்டி அமர்த்தினார்கள். தாளில் ஈரமில்லை என்று பார்த்தபின் மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

காரில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே! இருபத்தாறு வருசத்துப் பேரு! நாளைக்கு அந்த அம்மா நாலு பேருகிட்டச் சொன்னா உன்னை எவன் வீட்டுல ஏத்துவான்? இனி நீ எந்தக் காரணம் சொல்லி அங்க போவே?"

"பேரை வச்சிட்டு என்ன அண்ணா செய்ய? நான் வந்திட்டேன். அவ அங்கதானே கிடக்கணும்."

அவன் மேல் இருந்த எரிச்சலையெல்லாம் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

மறுநாள் காலை புஷ்பபாய் என் கடைக்குப் போன் செய்தார். வேறு மெக்கானிக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுத்ததும், "தாணு அண்ணே, அவரு நேத்து பொய் சொன்னாரு, இல்லியா?" என்றார்.

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"முறுக்காம விட்டா அன்னைக்கே ஒழுகியிருக்கணும். ஒவ்வொரு தடவையும் அவரு போயி அஞ்சாறு நாளு ஒரு சொட்டு ஒழுகல்ல. இலையை டாங்குல போட்டவன்னு என்னை முட்டாளா நெனைக்கண்டாம். நான் மூணையும் என் அம்மைக்க வீட்டுலதான் பெத்தேன். நாற்பத்தொண்ணு முடிஞ்சு கூட்டிட்டு வரும்போ கதவைப் பிடிச்சிட்டு அழுதவ நான். அது எனக்கு மறந்துபோச்சு பாத்தியளா."

"அம்மா..." என்றேன்.

"நாற்பத்தொண்ணு வரை மருந்து இருக்கு, அது இங்கயே முடியட்டு. அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. பதினஞ்சு நாளு வச்சுக்கட்டு. நான் கண்டுபிடிச்சதை அவருகிட்டயும் பறையண்டாம், அவகிட்டயும் பறையண்டாம். மகளுக்காகச் சொமந்தாருல்லா, சொமந்ததாவே இருக்கட்டு."

தாஸ் வந்ததும் சொன்னேன். மனசு மாறிவிட்டார் போல என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். அவன் நம்பவில்லை. இரண்டாம் தடவை சொல்லச் சொன்னான். மூன்றாம் தடவை நான் கத்திச் சொன்னேன். பிறகு சுவர்க் காலண்டர் முன்னால் போய் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினான். இன்றையும் சேர்த்தா விட்டா என்று என்னைக் கேட்டான். விட்டு எண்ணினால் பத்து, சேர்த்தால் பதினொன்று.

"சேத்தே எண்ணுவோம்," என்று திரும்பி வந்து அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தான். சந்தோஷத்தில் குதிப்பான் என்று நினைத்திருந்தேன். அவன் இரண்டு கையையும் முட்டின் இடையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"இத்தனை நாளும் அவ வரமாட்டான்னு தெரியும் அண்ணா, அதனால பொறுத்தாச்சு. இப்போ வருவான்னு தெரிஞ்சுபோச்சுல்லா. இந்தப் பதினொண்ணு நாளை நான் எப்பிடிக் கழிக்கியது?"